தொட்டிக்கும் அடுப்புக்கும் ஒரே தண்ணீர்: ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதிகளின் வேதியியல்

ஜப்பானியக் கிராமத்து ஒன்சென் (வெந்நீர் ஊற்று) விடுதிகளில் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பகுப்பாய்வுத் தாள் மாட்டியிருக்கும். சட்டப்படி அது கண்ணில் படும் இடத்தில் இருந்தாக வேண்டும். எழுத்து புரியாவிட்டாலும் அதில் இரண்டு எண்களைத் தேடிப் பிடித்துவிடலாம்: ஊற்றுவாயில் தண்ணீரின் வெப்பநிலை, அது அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு. குளியல் எப்படி இருக்கும், அந்த ஊரில் என்ன சாப்பிடக் கிடைக்கும் என்பதில் பாதியை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து வரும் நீர் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தாலோ, பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஏதேனும் ஒன்று போதிய அளவில் கரைந்திருந்தாலோ அது ஒன்சென். குளிர்ந்த ஊற்று நீரைச் சூடாக்கித் தருவதும் ஒன்சென் ஆகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, சுழற்சி முறையில் மறுபடி விடுகிறார்களா, கிருமிநாசினி சேர்க்கிறார்களா என்பதையும் 2005 முதல் எழுதி வைக்க வேண்டும். விடுதியைத் தேர்வு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வெப்பநிலை என்ன செய்யும் என்பதை முட்டையில் பார்க்கலாம். சாதாரணமாக அவிக்கும்போது சூடு வெளியிலிருந்து உள்ளே போவதால் வெள்ளைக்கரு முதலில் இறுகும். ஒன்சென் முட்டையில் இது தலைகீழ்: மஞ்சள் கரு கெட்டியாக இருக்கும், வெள்ளை பால்கட்டி போலத் தளதளக்கும். மஞ்சள் கரு 65 டிகிரியிலேயே கெட்டிப்படத் தொடங்கி 70இல் இறுகிவிடுகிறது. வெள்ளைக்கருவில் பாதிக்கும் மேலிருக்கும் ஓவால்புமின் என்ற புரதமோ 80 டிகிரியைத் தாண்டாமல் இறுகாது. அதிலுள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் மட்டும் 61 டிகிரிக்கு மேல் உறைந்து லேசான பிடிப்பைத் தரும். ஆகவே 65 முதல் 68 டிகிரி வரையுள்ள ஊற்றில் அரை மணி நேரம் கிடந்தால் போதும். வீட்டில் செய்ய, அடிகனமான பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுவந்து, நான்கு முட்டைகளை இறக்கி, மூடி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பாருங்கள். 65க்குக் கீழே போனால் கொஞ்சம் கொதிநீர் ஊற்றுங்கள். 70க்கு மேலேயே நின்றுவிட்டால் மஞ்சள் கரு உதிரும்.

கியூஷூ தீவின் பெப்பு நகரில், கன்னாவா என்ற பகுதியில் தண்ணீரைவிட நீராவிக்குத்தான் மதிப்பு. தரையிலிருந்து ஏறத்தாழ 100 டிகிரியில் பீறிடும் ஆவியைக் கல் அடுப்புக்குள் விட்டு, மூங்கில் தட்டில் காய்கறியும் மீனும் வைத்து மூடுகிறார்கள். ஆவி உணவின் மேல் பட்டுத் தண்ணீராகும்போது கிலோவுக்கு 2,257 கிலோஜூல் வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. அதனால் வேகமாக வேகும். வெப்பம் 100ஐத் தாண்டாததால் அடிப்பிடிக்காது. இங்குள்ள எளிய விடுதிகள் சிலவற்றில் விருந்தினரே இந்த அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்காமல் முழுசாக வையுங்கள், அரை மணி நேரமாவது ஆகட்டும். கிழங்கின் மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக்கும் நொதி, சுமார் 60 முதல் 75 டிகிரி வரைதான் நன்றாக வேலை செய்யும். சின்னத் துண்டுகள் அந்த எல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவதால் இனிப்பு ஏறாது. மூடியைத் திறக்கும்போது நீளமான கையுறை அவசியம். காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு திறக்க வேண்டும், இல்லையென்றால் ஆவி முகத்தில் அடிக்கும்.

அடுத்தது பிஎச். சாகா மாநிலத்தின் உரெஷினோ நீரில் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா, கரைந்திருக்கிறது. அதில் தோஃபுவை, அதாவது சோயா பாலை உறையவைத்த கட்டியை, மெல்லிய தீயில் வைத்தால் முதலில் ஓரங்கள் மழுங்கும், பிறகு தண்ணீர் வெண்மையாகும், கடைசியில் சட்டியில் இருப்பது சோயா பாலா தோஃபுவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சூட்டில் பைகார்பனேட் கார்பன் டையாக்சைடை இழப்பதால் காரத்தன்மை கூடுகிறது. சோயா புரதங்கள் மேலும் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. அவற்றைப் பிணைத்து வைத்திருந்த கால்சியம், மெக்னீசியம் பிடியும் தளர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, 300 கிராம் மென்மையான தோஃபு என்ற கணக்கில் வீட்டிலும் வரும். தளதளவென்று கொதித்தால் கரையாமல் உடைந்துபோகும். சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும்.

அதே தண்ணீரில் குளித்தால் தோல் வழுவழுப்பாவதற்கும் காரணம் அதே காரத்தன்மைதான்: தோலின் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் சோப்பாக மாறுகின்றன. அழகுக்கு நல்லது என்று சொல்வார்கள், ஆனால் எண்ணெய்ப் பசை போய்த் தோல் வறளும். குளித்ததும் ஈரப்பதக் களிம்பு தடவிக்கொள்வது நல்லது. கல் தரையில் வழுக்காமல் நடக்கவும்.

நாகானோ மாநிலத்தின் நோசாவா ஒன்சென் கிராமத்தில் ஓகாமா என்ற ஊற்று 90 டிகிரி அளவில் கொதிக்கிறது. ஊற்று இருக்கும் இடத்துக்குள் ஊர்க்காரர்கள் மட்டுமே போகலாம்; கீரையையும் முட்டையையும் அங்கேயே அவித்து எடுக்கிறார்கள். கீரை வேகும்போது அதன் சொந்த அமிலமே பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தைப் பெயர்த்துவிடும்; அதனால்தான் அது மங்கிப் பழுப்பேறுகிறது. லேசான காரத்தன்மையுள்ள இந்த நீர் அந்த அமிலத்தை அடக்கிப் பச்சை நிறத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் காரம், செல்சுவர்களைப் பிணைத்து வைக்கும் பெக்டினையும் கரைக்கும், நேரம் தாண்டினால் கீரை கூழாகிவிடும்.

இதற்கு நேர் எதிர் குன்மா மாநிலத்தின் குசாட்சு. பிஎச் சுமார் 2, எலுமிச்சைச் சாற்றளவு புளிப்பு. இரும்பு ஆணியைப் போட்டால் நாளடைவில் அரித்துத் தின்றுவிடும். ஆற்றில் கலக்கும் இந்த அமிலத்தைச் சமன்படுத்த 1964 முதல் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்து வருகிறார்கள். இங்கே ஊற்று நீரில் சமையலை எதிர்பார்க்க வேண்டாம். குளிக்கும் சூட்டைவிட அதிகமாக வரும் நீரை, கனிமங்கள் நீர்த்துப்போகாதபடி குளிர்நீர் கலக்காமலே ஆற்றுகிறார்கள்: மரவாய்க்கால்களில் ஓடவிட்டும், 180 சென்டிமீட்டர் நீளப் பலகைகளால் துழாவியும். வெட்டுக்காயம் இருந்தால் எரியும். வெள்ளி நகைகளைக் கழற்றிவிடுங்கள், நீரிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அவற்றைக் கறுக்கச் செய்யும். ஹகோனே பகுதியின் ஓவாகுதானி என்ற எரிமலைப் பள்ளத்தாக்கில் ஊற்று நீரில் அவிக்கும் முட்டையின் ஓடு கறுப்பாவதும் இதே வாயுவால்தான். ஓட்டில் படியும் இரும்போடு அது சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. உள்ளே வழக்கமான வெள்ளைதான்.

பெரும்பாலான விடுதிகளில் மூன்று மணிவாக்கில் அறை தருவார்கள், இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கு. வந்தவுடன் குளித்துவிடுவதுதான் சரி. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவி, காலிலிருந்து மேலாகச் சூடான நீரை ஊற்றிப் பழகிய பிறகே இறங்க வேண்டும். 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஒரு முறைக்குப் பத்து நிமிடம் போதும். சாப்பிட்ட கையோடும் மது அருந்திய பிறகும் இறங்கக் கூடாது: இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும், எழும்போது மயக்கம் வரும்.

சைவ உணவுக்காரர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். தோஃபுவும் காய்கறியும் மட்டும் தெரிகிற தட்டிலும், அடியில் இருக்கும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் காய்ச்சியது. ‘கொம்பு’ என்ற கடற்பாசியில் மட்டும் சாறு எடுக்கும்படி கேட்கலாம். அதைப் பெரும்பாலும் முந்தின இரவே ஊறவைப்பார்கள், போய் இறங்கிய பிறகு கேட்டால் நேரம் இருக்காது.