‘அட்மிட் பண்ணிடு’ என்று சொன்னால் தலையாட்டாதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சம்மன் தாளோடு நிற்பவரிடம், குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடு என்று யாராவது சொல்வார்: “அட்மிட் பண்ணி ஃபைன் கட்டிட்டுப் போயிடு. எதுக்கு வாய்தா வாய்தாவா அலையறே?” அன்றைய கூலியை விட்டுவிட்டு அணைக்கட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அது நல்ல யோசனையாகத்தான் படும்.

அந்த ஒரு சொல்லோடு மேல்முறையீடும் போய்விடுகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதற்கென்று தனியாகக் கையெழுத்து வாங்குவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 416ஆம் பிரிவே (பழைய சட்டத்தில் 375) பார்த்துக்கொள்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால், தண்டனை அதிகம், சட்டப்படி செல்லாது என்று மட்டும்தான் அப்பீல் போகலாம். ‘நான் செய்யவில்லை’ என்று அப்பீலில் சொல்ல வழியில்லை.

இதைவிட ஆபத்தானது பேரம் பேசி ஒப்புக்கொள்வது, அதாவது ‘பிளீ பார்கெயினிங்’. தண்டனை குறையும், சரி. ஆனால் தண்டனை கூடுதல் என்றுகூட அப்பீல் போக முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு என்று போனால்தான் உண்டு. கூலி வேலைக்காரர் டெல்லிக்குப் போவாராம்!

ஃபைன்தானே என்று நினைக்காதீர்கள். ஃபைனும் தண்டனைதான். நாளைக்கு வேலை விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும்.

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும்போது புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். ‘வக்கீல் வைக்க டைம் வேண்டும்’ என்று கேளுங்கள். ‘தெரியாம நடந்துடுச்சு சார்’ என்றெல்லாம் இழுக்காதீர்கள். மறுப்பதானால் ‘நான் குற்றவாளி இல்லை’ என்று நேராகச் சொல்லுங்கள்.

காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். இலவச போன் 15100. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கொண்டுவா என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்களா? புரியாமலோ மிரட்டலுக்குப் பயந்தோ சொல்லியிருந்தால், தீர்ப்பு சரியா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு போடலாம். கெடு 90 நாள். தண்டனையை மட்டும் எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் என்றால் 30 நாள்தான். ஜெயில் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை அன்றே இலவசமாகத் தர வேண்டும். சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போடுங்கள். ‘கட்டு (வழக்குக் கோப்பு) இன்னும் வரலை’ என்று இழுத்தடிப்பார்கள். நகல் தயாராக ஆகும் நாட்கள் கெடுவில் சேராது. ஆனால் மனுப் போட்ட தேதிக்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.