'7பீபி' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

வளைகுடாவில் நாலு மாதம் வேலை பார்த்தவருக்குக்கூட 'ஹபீபி' (அன்பே, நண்பா என்று கூப்பிடும் அரபுச் சொல்) தெரிந்திருக்கும். இதையே 2005 வாக்கில் ஒரு கெய்ரோ பையன் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியிருந்தால் முதலில் 7 என்ற எண்ணை அடித்து, அப்புறம் 'அபீபி' என்று ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பான். கை தவறி விழுந்த 7 இல்லை அது. தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்த 'ஹ'வுக்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது, அதன் அரபு எழுத்தோ பார்க்கக் கிட்டத்தட்ட 7 மாதிரி இருக்கும், அவ்வளவுதான் காரணம். 'ஐன்' என்ற எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் 3, அதனால் அதற்கு 3. குரல்வளை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் ஹம்ஸாவுக்கு 2. அரபியும் இங்கிலீஸியும் சேர்ந்த இந்தக் கலவைக்கு அரபீஸி என்று பெயர். நம்ம தங்கிலீஷுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஏன் இந்தப் பாடு? ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடிக்கலாம். அரபு எழுத்து ஒன்றே ஒன்று நுழைந்தாலும் முழுச் செய்தியும் எழுத்துக்கு 16 பிட் என்ற கணக்குக்கு மாறி 70 எழுத்தில் முடிந்துவிடும் (தமிழுக்கும் இதே கதிதான்). அதோடு அரபு வலமிருந்து இடம் போகும், ஒரே எழுத்து சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வேறு வேறு வடிவம் எடுக்கும். அன்றைய போன்களும் கணினிகளும் பல நேரம் அதைக் குதறித்தான் காட்டின.

சரி, இது வெறும் எழுத்துப் பிரச்சினையாக மட்டும் இருந்திருந்தால் நல்ல போன் வந்ததும் மறந்துபோயிருக்கும். விஷயம் அதைவிடப் பெரிது. அரபு இரட்டை வழக்கு மொழி. ஃபுஸ்ஹா என்ற செம்மொழி நடையில் பாடப்புத்தகம், செய்தித்தாள், தலைவர்களின் உரை எல்லாம் இருக்கும், ஆனால் யார் வீட்டிலும் அதைப் பேசுவதில்லை. பேசுவது ஊருக்கு ஊர் மாறும் ஆம்மியா. மொரோக்கோவில் அதற்குத் தாரிஜா என்று பெயர். கேலிச்சித்திரம், நாடக வசனம், பாட்டு தவிர அது அச்சேறுவது அபூர்வம். ஆனால் நண்பனோடு சாட் செய்வது எழுத்தில் நடக்கும் பேச்சு ஆயிற்றே! 'மாப்ள, சாப்டியா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'நண்பா, உணவு அருந்திவிட்டாயா' என்று எந்தப் பையன் எழுதுவான்? பள்ளிக்கூடம் எழுதச் சொல்லித்தராத மொழியைக் கோடிக்கணக்கானவர்கள் தினமும் எழுத ஆரம்பித்தது இப்படித்தான்.

யாரும் விதி வகுக்காததால் ஊர் வாசனையும் எழுத்தில் ஏறிவிட்டது. வளைகுடாவில் 9 என்றால் 'ஸாத்' என்ற அழுத்தமான ஸ, மொரோக்கோவிலோ அதே 9 அடித்தொண்டை 'காஃப்'. 'ஷ' ஒலியை மொரோக்கோக்காரர் பிரெஞ்சுப் பாணியில் எழுதுவார், கெய்ரோக்காரர் ஆங்கிலப் பாணியில். பெயரைப் பார்க்காமலே ஆள் எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பேச்சுமொழியின் மதிப்பு ஏறியதற்கு இணையம் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சாட்டிலைட் டிவிக்கும் பங்கு உண்டு: 2008-இல் எம்பிசி என்ற அரபு சேனல் துருக்கித் தொடர் ஒன்றை ஃபுஸ்ஹாவில் அல்லாமல் சிரியப் பேச்சுமொழியில் டப் செய்து போட, அரபு நாடுகள் முழுக்கப் பார்த்தார்கள். 2011 ஜனவரி 13 அன்று, தெருவெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருக்க, துனிசிய அதிபர் பென் அலி தொலைக்காட்சியில் தோன்றி, வழக்கமான ஃபுஸ்ஹாவை விட்டுவிட்டு மக்கள் பேசும் துனிசிய மொழியில் 'உங்களைப் புரிந்துகொண்டேன்' என்றார். மறுநாள் நாட்டைவிட்டே ஓடினார்.

ஸ்மார்ட்போன் வந்த பிறகு அரபு விசைப்பலகை எல்லோர் கையிலும் இருக்கிறது, அரபீஸியின் தேவை குறைந்தும்விட்டது. பேச்சுமொழி மட்டும் பின்வாங்காமல் அரபு எழுத்துக்கே குடிபெயர்ந்துவிட்டது. எகிப்தியப் பேச்சுமொழியில் 2008-இல் விக்கிப்பீடியா தொடங்கியது, தாரிஜாவுக்கு 2020-இல். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. கெய்ரோவில் 'இப்போது' என்பதற்கு 'தில்வஅத்தி' என்பார்கள், நடுவில் தொண்டை ஒரு கணம் அடைக்கும். அரபீஸியில் அந்த இடத்தில் 2 போட்டவர்கள், அரபு எழுத்துக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே 'காஃப்' போடுகிறார்கள், செம்மொழியில் அந்த வேர்ச்சொல்லில் இருப்பது அதுதான் என்பதால். கடைசியில் ஒரு 'ய' சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் இன்னும் ஆளுக்கொரு வழக்கம். 1932-இல் உருவான, கெய்ரோவில் உள்ள அரபு மொழி அகாடமிக்கு அந்தக் கவலை இல்லை, அதன் வேலை ஃபுஸ்ஹாவோடு.