ஒரே செல்லில் இரண்டு வைரஸ்: பாக்குலோ வைரஸ் உருவாகும் விதம்

பருத்தி, கொண்டைக்கடலை போடும் விவசாயிகள் பலருக்கு என்.பி.வி. என்ற பெயர் பழக்கம். காய்ப்புழுவைக் கொல்லத் தெளிக்கும் வைரஸ் கரைசல் அது. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கோ அதே குடும்பம்தான் எதிரி. புழு உப்பி, தோல் கிழிந்து, பால் போன்ற திரவம் வழியும் பால்புழு நோய் அதனால்தான் வருகிறது. பாக்குலோ வைரஸ்கள் என்பது இந்தக் குடும்பத்தின் பெயர்.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது ஏ.சி.எம்.என்.பி.வி. என்ற வைரஸ். வட்டமாக மூடிய அதன் டி.என்.ஏ.வில் சுமார் 1,34,000 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து ஜோடிகள்), 150 வாக்கில் மரபணுக்கள். கொரோனா வைரஸின் மரபுச்சரம் 30,000 எழுத்துகளைக்கூடத் தொடாது. இவ்வளவு மரபணுக்கள் எதற்கு என்றால், இந்த வைரஸ் ஒரே செல்லுக்குள் இரண்டு வகைத் துகள்களைச் செய்கிறது. ஒன்று புழுவின் உடலுக்குள் பரவ. இன்னொன்று, புழு செத்த பிறகு வெளியுலகில் காத்துக் கிடக்க.

காத்துக் கிடக்கும் வகையிலிருந்து தொடங்கலாம். இலை மேல் கிடப்பது ஓரிரு மைக்ரான் அளவுள்ள ஒரு புரதப் படிகம். பாலிஹெட்ரின் என்ற ஒரே புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவானது. அதற்குள் பல வைரஸ் துகள்கள் புதைந்திருக்கும். மண்ணில் வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக்கதிரை வெகுநேரம் தாங்காது. கரைசலை மாலையில் தெளிக்கச் சொல்வது அதனால்தான்.

புழு இலையோடு சேர்த்து இதை விழுங்குகிறது. நம் வயிற்றில் அமிலம். இந்தப் புழுக்களின் நடுக்குடலிலோ கடும் காரம், பி.எச். 10 வரைகூடப் போகும். அந்தக் காரத்தில் படிகம் கரைந்து துகள்கள் வெளிவருகின்றன. குடல் செல்லின் சவ்வோடு துகளின் உறை ஒன்றிவிட, உள்ளிருக்கும், டி.என்.ஏ.வைச் சுமக்கும் கோல் வடிவப் புரதக் கூடு மட்டும் செல்லுக்குள் நுழைகிறது.

அடுத்து அது உட்கருவுக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கே நடப்பது எனக்கு இன்றும் வியப்பு. கூட்டின் ஒரு முனையில் உள்ள புரதம், செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் என்ற அதன் சொந்தப் புரதத்தைத் தூண்டி இழைகளாகக் கட்ட வைக்கிறது. இழை பின்னால் வளர வளர, கூடு முன்னால் தள்ளப்படுகிறது. உட்கருத் துளை வழியே கூடு உடையாமலே நுழைந்து, உள்ளே போய் டி.என்.ஏ.வை விடுவிக்கிறது.

முதலில் செல்லின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை, அதாவது மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. நகலெடுக்கும் நொதியைக் கொண்டே சில மரபணுக்கள் இயங்கும். அவற்றில் ஒன்று பி35. தொற்று வந்தது தெரிந்தால் பூச்சி செல் தற்கொலை செய்துகொள்ளப் பார்க்கும். பி35 அதைத் தடுத்துவிடுகிறது. அப்புறம் வைரஸ் தனக்கென்றே ஒரு பாலிமரேஸைத் தயாரித்துக்கொள்கிறது. உட்கருவின் நடுவில் ஒரு பட்டறை உருவாகிறது. அங்கே டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டு, பி6.9 என்ற சிறு புரதத்தால் இறுகச் சுருட்டப்பட்டு, வி.பி.39 புரதத்தாலான கூட்டுக்குள் அடைக்கப்படுகிறது.

தொற்றி 12 மணி நேரம் போல ஆனதும், உடலுக்குள் பரவும் வகை கிளம்புகிறது. கூடுகள் உட்கருவை விட்டு வெளியேறி, செல்லின் வெளிச்சவ்வைப் போர்த்திக்கொண்டு மொட்டுவிடுகின்றன. அந்தச் சவ்வில் ஜி.பி.64 என்ற புரதம் தயாராகப் பதிந்திருக்கும். அடுத்த செல் இந்தத் துகளை ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். பைக்குள் அமிலம் ஏறியதும் ஜி.பி.64 உருமாறிக் கதவைத் திறக்கும். குடலில் காரம் செய்த வேலையை இங்கே அமிலம் செய்கிறது. மூச்சுக்குழல் செல்கள் வழியாகவும் உடல்திரவம் வழியாகவும் தொற்று புழு முழுக்கப் பரவுகிறது.

சுமார் 20 மணி நேரம் கடந்தபின் உற்பத்தி மாறுகிறது. புதிய கூடுகளில் பெரும்பாலானவை வெளியே போவதில்லை. உட்கருவின் உட்சவ்விலிருந்து கிளைத்த சவ்வுகளை உறையாகப் போர்த்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அவற்றைச் சுற்றிப் பாலிஹெட்ரின் படிகமாகிறது. கடைசிக் கட்டத்தில் செல்லின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல் இந்த ஒற்றைப் புரதமே இருக்கும். முடிவில் வைரஸின் கைட்டினேஸ், கேத்தெப்சின் என்ற நொதிகள் புழுவின் உடலைக் கூழாக்க, படிகங்கள் இலைமேல் சிந்துகின்றன.

இந்த இரண்டு வகைத் துகள்களும் எவ்வளவு தனித்தனி என்பது ஆய்வகக் குடுவையில் பளிச்சென்று தெரிந்தது. குடுவையில் இருப்பவை பூச்சி செல்கள் மட்டுமே; இலையும் இல்லை, வெயிலும் இல்லை. அங்கே வைரஸைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால், படிகம் குறைவாகவும் மொட்டுத் துகள் அதிகமாகவும் செய்யும் திரிபுகள் மேலோங்கிவிடும். பாலிஹெட்ரின் மரபணுவை நீக்கினால்கூடச் செல்லுக்குச் செல் தொற்று தடையின்றி நடக்கும்.

அப்படியானால், அவ்வளவு புரதத்தைக் கொட்டும் மரபணுவின் இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால் என்ன? 1983-இல் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்து, பூச்சி செல்களில், வைரஸை எதிர்க்க நம் உடல் சுரக்கும் பீட்டா இன்டர்ஃபெரான் என்ற மனிதப் புரதத்தைத் தயாரித்துக் காட்டினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் செர்வாரிக்ஸ் தடுப்பூசி, இந்தியாவில் கோவோவேக்ஸ் என்ற பெயரில் வந்த நோவாவேக்ஸ் கொரோனா தடுப்பூசி ஆகியவற்றின் புரதங்கள் இதே முறையில், பூச்சி செல்களில் உருவாக்கப்பட்டவை.