சுனாமி அபாய வரைபடம்: தண்ணீர் முதுகுப் பக்கமும் வரும்

கடலோர ஊருக்குச் சுனாமி வரைபடம் கேட்டால், கரைக்கு இணையாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை தீட்டிய தாள்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதைப் பார்ப்பவர், கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினால் போதும் என்று நினைத்துக்கொள்வார். நாகப்பட்டினம் கரையில் அந்த நினைப்பு ஆளைக் கொன்றுவிடும். கீச்சாங்குப்பத்துக்கு முன்னால் கடல், பின்னால் கடுவையாறு. 2004 டிசம்பர் 26 அன்று அலை முகத்துவாரங்களில் புகுந்து ஆறு, வாய்க்கால் வழியாகவும் ஏறியது. ஆகவே வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை தண்ணீர் நுழையும் வாய்கள்: முகத்துவாரம், வடிகால், படகை இழுக்க மணல்மேட்டை வெட்டிப் போட்ட வழி. மேடு முழுதாக இருக்கும் இடத்தைவிட, வெட்டிய இடத்துக்கு நேர் பின்னால் இருக்கும் வீட்டுக்குத்தான் அடி பலமாக விழும்.

அடுத்தது தரைமட்டம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை இங்கே நம்பவே கூடாது. சவுக்குத் தோப்பின் உச்சியையும் வீட்டுக் கூரையையும் அது தரை என்று எடுத்துக்கொள்ளும். தரையே 2, 3 மீட்டர் உயரமுள்ள ஊரில் சில மீட்டர் பிழை வந்தால், அலைக்கு எதிரே நிற்கும் தோப்பு பாதுகாப்பான மேடாகத் தெரியும். லெவல் கருவியோடு தெருத் தெருவாக நடந்து அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2004-இல் தண்ணீர் ஏறிய உயரத்தை ஊராரிடமே கேட்டு அளக்கலாம். ஒரே தெருவில் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். “இடுப்பளவு” என்று சுவரைக் காட்டினால் உடனே டேப்பை வைத்துவிடாதீர்கள். அதன் பிறகு அந்தத் தெருவில் எத்தனை முறை சாலை போட்டார்கள், தரை எவ்வளவு உயர்ந்தது என்று விசாரியுங்கள். இப்போதைய சாலையிலிருந்து அளந்தால் உயரம் குறைவாக வரும்.

வீட்டுக் கணக்கெடுப்பில் தலை எண்ணிக்கை மட்டும் போதாது. தானாக நடக்க முடியாதவர், கைக்குழந்தை, கர்ப்பிணி என்று வீடுவாரியாக எழுத வேண்டும். அதோடு எந்த நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்பதும் வேண்டும். 2004-இல் பல மீனவ ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். ஆழ்கடலில் படகில் இருந்தவர்களுக்கு அலை போனதே தெரியவில்லை. மீன் வாங்கக் கரையில் நின்ற பெண்கள்தான் சிக்கினார்கள். ஏலக்கூடத்தில் காலை நேரக் கூட்டம் எவ்வளவு என்று தெரியாத வரைபடம் பாதி வரைபடம்தான்.

பிறகு நேரம். சுமத்ராவில் நிலம் அதிர்ந்து அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்திலிருந்து சில நிமிடங்களில் எச்சரிக்கை கிளம்பிவிடும். ஊர் ஒலிபெருக்கி வரை அது வந்து சேரும் நேரத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை நடையால் அளக்க வேண்டும். முதியவர் வேகம் நிமிடத்துக்கு 45 மீட்டர் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 22 நிமிடம். மணலில் இன்னும் கூடும். ஒரு பாட்டியையும் ஒரு குழந்தையையும் கூட அழைத்துக்கொண்டு, ஒரு முறை பகலில், ஒரு முறை மின்சாரம் இல்லாத இரவில் நடந்து பாருங்கள். வழியில் பாலம் இருந்தால் நெரிசலுக்கும் நேரம் சேர்க்க வேண்டும். படகுகள் அடித்து வந்து மோதினால் அந்த வழியே அடைபடும் என்பதால், பாலத்தைக் கடக்காத இன்னொரு வழியும் வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.

மாடிக் கட்டடத்தைத் தஞ்சமாகக் குறிக்கும்போது, படிக்கட்டு வெளியே இருக்கிறதா, மாடிக் கதவுச் சாவி இரவில் யாரிடம், அவர் வீடு எத்தனை நிமிட தூரம் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் முகத்துவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். மணல் திட்டு இடம் மாறியிருந்தால் தண்ணீர் நுழையும் வாயும் மாறியிருக்கும்.