பைபர் நுனிய கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க

நான் பைபர் லைன் (வெளிச்சத்துல இன்டர்நெட் கொண்டு வர்ற கண்ணாடி நூல்) வேலை செய்றவன், ஹட்டன் மஸ்கெலியா தலவாக்கலைன்னு தான் அலைச்சல். போன கிழமை ஒரு தோட்டத்து லயத்துக்கு போனேன், இன்டர்நெட் பெட்டியில சிவப்பு லைட் மினுக்கிக்கிட்டு இருக்கு, ஏஎல் படிக்கிற தம்பி ஒருத்தன் கனெக்டர கழட்டி நுனிய கண்ணுக்கு நேரா பிடிச்சு "அண்ணே வெளிச்சமே வரல"ங்குறான். பாய்ஞ்சு கைய பிடிச்சுட்டேன்.

தெரியலன்னா வெளிச்சம் இல்லன்னு அர்த்தம் இல்லங்க. வீட்டுக்கு வர்ற வெளிச்சத்தோட அலைநீளம் 1490 நானோமீட்டர், நம்ம கண்ணு 700 சொச்சத்தோட நின்னுரும். தெரியாத வெளிச்சத்துக்கு கண்ணு தானா மூடிக்கவும் மூடாது. வீட்டு லைன்ல பவர் கம்மி தான், ஆனா மெயின் கேபிள்ல அப்படி இல்ல, அறுந்து கிடக்குறது எதுன்னு உங்களால சொல்ல ஏலாது.

அப்புறம் அவன் கேட்டான், "எங்க வீட்டுக்கு உள்ளத மட்டும் யாருண்ணே இங்க திருப்பி விடுறது?"

வழியில யாரும் திருப்புறதில்ல. ஸ்ப்ளிட்டர் ஒரே வெளிச்சத்த 32 வீட்டுக்கும் பிரிச்சு குடுத்துரும், உங்க பெட்டி தன்னோடத மட்டும் எடுத்துக்கும். நெசமா திருப்புற வேலை எக்ஸ்சேஞ்ச்ல, அங்க வெளிச்சத்த கரண்டாக்கி படிச்சு மறுபடி வெளிச்சமாக்கி அனுப்பணும், அதுக்கு தான் அவ்வளவு கரண்டும் சூடும், இந்த குளிர்லயும் அந்த ரூமுக்கு ஏசி.

வெளிச்சத்த வெளிச்சமே திருப்பினா? அவங்க வீட்டு முருகன் படத்துல மயிலிறகு செருகியிருந்துச்சு, அத காட்டி தான் சொன்னேன். அந்த நீலம் வெறும் சாயம் இல்ல, உள்ள பொடிப்பொடி குச்சிங்க வரிசையா அடுக்கி இருக்கு, அந்த இடைவெளிக்கு ஏத்த நிறத்த உள்ள விடாம திருப்பி அனுப்பிரும். இப்படி அடுக்கி வெளிச்சத்துக்கே வேலி போடலாம்னு 1987ல எலி யாப்லோனோவிச், சஜீவ் ஜான்னு ரெண்டு இயற்பியல் ஆராய்ச்சியாளருங்க தனித்தனியா எழுதினாங்க. போட்டோனிக் கிரிஸ்டல்னு அதுக்கு பேரு. மெல்லிசு சிலிக்கன் தகட்டுல சுமார் 400 நானோமீட்டருக்கு ஒரு ஓட்டை, நடுவுல ரெண்டு மூணு ஓட்டைய போடாம விட்டா அந்த இடத்துல ஒரே ஒரு அலைநீளம் மாட்டிக்கும், அந்த அலைநீளம் மட்டும் தான் அது வழியா போக முடியும். இப்ப இன்னொரு வெளிச்சத்த ஒரு துடிப்பு அடிச்சா அந்த இடத்தோட ஒளிவிலகல் எண் (வெளிச்சம் அதுக்குள்ள எவ்வளவு மெதுவா போகும்ங்குற கணக்கு) கொஞ்சம் மாறுது, வாசல் நகருது, போய்க்கிட்டு இருந்தது நின்னுருது. 2010ல ஜப்பான்ல சிலிக்கன் இல்லாம வேற பொருள்ல இத செஞ்சு காட்டினாங்க, திருப்ப ஆன நேரம் 20லேருந்து 35 பிகோசெகண்ட், ஒரு பிகோசெகண்ட்னா செகண்ட லட்சம் கோடியா பிரிச்சதுல ஒரு பங்கு. 20 பிகோசெகண்ட்ல கண்ணாடிக்குள்ள வெளிச்சம் 4 மில்லிமீட்டர் தான் ஓடும், கிட்டத்தட்ட ஒரு சம்பா அரிசி நீளம்! எனக்கு இத நினைச்சா இன்னமும் புல்லரிக்கும்.

இது இன்னும் லேப்ல தான் இருக்கு, அந்த பேர சொல்லி எவனாவது ரவுட்டர் வித்தா வாங்கிறாதீங்க. சிவப்பு லைட் வந்தா வயர் எங்கயாவது மடிஞ்சிருக்கான்னு பாருங்க, கழட்டாதீங்க, ஆபிசுக்கு அடிங்க. அறுந்த துண்டு தரையில கிடந்தா வெறுங்கையால எடுக்காதீங்க, முடி மாதிரி கண்ணாடி, தோலுக்குள்ள போயிரும், பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க.