வளவைச் சுற்றும் காவல்

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் உறவுக்காரர் ஒருவருக்குக் கிட்னி மாற்றி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் முகப்புக் கதவுச் சாவியை வைத்துக்கொண்டு பெட்டகத்தைத் திறக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வயசாகுதில்ல என்றார்கள். அப்புறம் வலது கை தளர்ந்தது. எம்ஆர்ஐயில் மூளைக்குள் வளையம் வளையமாக மூன்று கட்டிகள். பயாப்ஸி லிம்போமா, அதாவது ஒருவகை வெள்ளையணுக்களின் புற்றுநோய், என்றது.

மாற்றியது கிட்னியை, கட்டி வந்தது மூளையிலா?

இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ். வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேலானவர்களிடம் இது உண்டு. ரத்தத்தின் பி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குள் குடியிருக்கும். சமயம் வாய்த்தால், 'பெருகு' என்று உடம்பே உத்தரவு போட்டதுபோல ஒரு புரதத்தைக் காட்டி அந்த செல்லை ஏமாற்றும். அப்படிப் பெருகுகிறவற்றை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் தேடி அழித்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

புதுக் கிட்னியை அந்நியமென்று தாக்குவதும் இதே டி செல்கள்தான். அதைத் தடுக்கத் தருகிற டாக்ரோலிமஸ் மாத்திரை, கால்சிநியூரின் என்ற நொதியை முடக்கும். டி செல்களைப் பெருகச் சொல்லும் இன்டர்லூகின்-2 சுரக்காது, டி செல் படை திரளாது. கிட்னி தப்பிக்கும், வைரஸும் தப்பிக்கும்.

சரி, ஏன் மூளை? பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில் காவல்காரர் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி வருவார். புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்றாக இருக்கும் அறைகளின் சாவி அவரிடம் இருக்காது. மூளையும் அப்படித்தான். ரத்தக்குழாய்ச் சுவர் அங்கே இறுக்கம், டி செல் ரோந்து குறைவு. ரத்தத்தில் வைரஸ் பெரிதாகத் தென்படாமலேயே உள்ளே கட்டி வளரலாம். பெரும்பாலும் மாற்றுச் சிகிச்சைக்குச் சில வருஷங்கள் கழித்தே வரும்.

ஸ்கேனில் காசநோய்க் கட்டியும் இதே வளையமாகத் தெரியும் என்பதால் பயாப்ஸி வேண்டும். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா கரைந்து, ஊசியில் ஒன்றும் சிக்காமல் போகலாம்.

சிகிச்சையில் முதல் வேலை, எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளைக் குறைப்பது. குறைத்தால் கிட்னி போகலாம். லிம்போமாவுக்குத் தரும் ரிடுக்ஸிமாப் மருந்து மூளைக்குள் சரியாக நுழையாது. அதிக அளவில் தரும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து நுழையும். ஆனால் அது வெளியேற வேண்டியதே அந்தக் கிட்னி வழியாகத்தான்! (அபூர்வமான நோய் இது. படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.)

உறவுக்காரருக்கு ஒரு மாத்திரையை நிறுத்தி, டாக்ரோலிமஸைக் குறைத்திருக்கிறார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று அறிய வாராவாரம் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். ஆச்சி சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கலர் நூல் கட்டி வைத்திருக்கிறார், பெட்டகத்துக்குச் சிவப்பு.