‘இராணுவத் தொழில்துறை வளாகம்’ எங்கே இருக்கிறது?

அனைத்துலகச் செய்திகளைத் தமிழில் படிப்பவர் கண்ணில் ‘இராணுவத் தொழில்துறை வளாகம்’ என்னும் தொடர் அவ்வப்போது படும். முதன்முறை படிப்பவர், மதில் சூழ்ந்த பரந்த நிலத்தில் பீரங்கித் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஓர் இடத்தையே மனத்தில் காண்பார். அது எந்த ஊரில் இருக்கிறது என்று அவர் கேட்டாலும் தவறில்லை. ஆனால் ‘மிலிட்டரி-இண்டஸ்ட்ரியல் காம்ப்ளெக்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடர் எந்த இடத்தையும் குறிப்பதன்று. ஒரு நாட்டின் படைத்துறை, அதற்கு ஆயுதம் செய்து விற்கும் நிறுவனங்கள், இரண்டுக்கும் இடையே பணம் ஒதுக்கும் அரசியலார் ஆகிய மூன்று தரப்பின் நலன்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, எது எதை இயக்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலையை அடைவதையே அது குறிக்கிறது.

இத்தொடரை உலகறியச் செய்தவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டுவைட் ஐசனாவர். பதவிக்காலம் முடிவதற்கு மூன்று நாள் முன்னதாக, 1961 சனவரி 17 அன்று, தொலைக்காட்சி வழியே அவர் ஆற்றிய விடைபெறும் உரையில் அது இடம்பெற்றது. சொன்னவர் போர் எதிர்ப்பாளர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐந்து விண்மீன் தளபதி என்பதுதான் அந்த எச்சரிக்கைக்கு எடை சேர்த்தது. இரண்டாம் உலகப் போர் வரை அமெரிக்காவில் ஆயுதத் தொழில் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை என்றார் அவர். கலப்பைக் கொழு செய்தவர்களே தேவை வந்தபோது, கால அவகாசம் கிடைத்தால், வாளும் செய்தார்கள். இனி அவ்வாறு வேளைக்கேற்பச் சமாளிக்க முடியாது என்பதால் நிலையான, மிகப்பெரிய ஆயுதத் தொழிலை உருவாக்க நேர்ந்துவிட்டது என்று அவர் விளக்கினார். பாதுகாப்புப் பணியில் நேரடியாக 35 இலட்சம் ஆண்களும் பெண்களும் ஈடுபட்டிருப்பதையும், அந்நாட்டு நிறுவனங்கள் அனைத்தின் நிகர வருமானத்தைவிடப் படைச்செலவு மிகுந்திருப்பதையும் எடுத்துக்காட்டினார். உரையை எழுத உதவியவர்கள் மால்கம் மூஸ், ரால்ஃப் வில்லியம்ஸ் ஆகியோர். தொடக்க வரைவில் ‘நாடாளுமன்றம்’ என்ற சொல்லும் இத்தொடரோடு சேர்ந்திருந்தது, பின்னர் அடிக்கப்பட்டது என்று ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. கிடைத்துள்ள வரைவுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

தொடர் அவருடைய படைப்பும் அன்று. 1947இலேயே ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் பொருளியலாளர் வின்ஃபீல்ட் ரீஃப்லர் அதை எழுதியிருக்கிறார். அதற்கும் முன்பு, 1934 முதல் 1936 வரை, செனட்டர் ஜெரால்ட் நை தலைமையிலான குழு முதல் உலகப் போரில் ஆயுத வணிகர்கள் அடைந்த ஆதாயத்தை விசாரித்த காலத்தில், ‘மரண வியாபாரிகள்’ என்ற வசைச்சொல்லே மக்கள் நாவில் இருந்தது. வசைச்சொல் ஆளைக் குற்றஞ்சாட்டுகிறது. ஐசனாவரின் தொடரோ ஓர் அமைப்பைச் சுட்டுகிறது. அந்த வேறுபாட்டை அவருடைய வாக்கியத்துக்குள்ளேயே காணலாம். இப்பிணைப்பு தகாத செல்வாக்கைப் பெறாதவாறு விழித்திருக்க வேண்டும் என்று சொன்ன அவர், அச்செல்வாக்கு ‘நாடிப் பெற்றதாயினும் நாடாமல் வந்ததாயினும்’ என்று ஓர் அடையைச் சேர்த்தார். எவரும் சதி செய்யாமலேயே, அவரவர் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே, அது விளைந்துவிடக்கூடும் என்பது அதன் பொருள். தமிழாக்கம் பற்றிய நம் வழக்கு முழுவதும் இந்த ஓர் அடையில்தான் தொங்குகிறது.

‘காம்ப்ளெக்ஸ்’ என்பதற்கு வேர் இலத்தீன் மொழியின் ‘பிளெக்டெரே’, அதாவது பின்னுதல், முடைதல். ‘சேர்ந்து’ எனப் பொருள்படும் முன்னொட்டு ஏறியபோது அது தழுவுதல், சுற்றிப் பிணைத்தல் என்று விரிந்தது. தமிழ் இந்த ஒரு சொல்லைத் துறைதோறும் வெவ்வேறாகப் பெயர்த்துக்கொண்டது. உளவியலில் அது மனச்சிக்கல் ஆயிற்று. கணிதத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கலப்பெண் என்றும் இலங்கைப் பாடநூல்கள் சிக்கலெண் என்றும் சொல்லின. கட்டடங்கள் சேர்ந்து நிற்கும் இடம் வளாகம் ஆயிற்று. வேதியியலார் ‘அணைவுச் சேர்மம்’ என்று வைத்த பெயர்தான் இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. இலத்தீன் வேரின் தழுவுதற் பொருளை அணைவு என்னும் சொல் அப்படியே ஏந்தி நிற்கிறது. இத்தனை தேர்வுகள் இருக்க, நம் செய்தி மொழிபெயர்ப்பாளர் கைக்கு அகப்பட்டது கடைவீதிக் கட்டடத்துக்குரிய வளாகம்.

வேறு சிலர் ‘இராணுவ–தொழில்துறைக் கூட்டணி’ என்றோ ‘கூட்டு’ என்றோ எழுதுகிறார்கள். இடம் என்னும் மயக்கம் இதில் நீங்குகிறது. ஆனால் கூட்டணி என்பது பேசி முடிவெடுத்து அமைப்பது, வேண்டாதபோது கலைப்பது. நாடாமல் வந்த செல்வாக்கை அச்சொல்லுக்குள் அடக்க முடியாது. ‘ஆயுதக் கும்பல்’ போன்ற ஆக்கங்கள் மீண்டும் 1930களின் வசைக்கே நம்மைக் கொண்டுபோய் விடுகின்றன.

இந்த உறவு ஏன் கூட்டணி அன்று என்பதை அதன் நடைமுறையைக் கொண்டே காட்டலாம். போர் விமானத்தையோ நீர்மூழ்கிக் கப்பலையோ உள்நாட்டில் வாங்குவதற்கு அரசைத் தவிர வேறு ஆள் கிடையாது. வெளிநாட்டுக்கு விற்கவும் அரசின் இசைவு வேண்டும். எனவே வாங்குபவர், விதி வகுப்பவர், ஆய்வுக்குப் பணம் தருபவர் ஆகிய மூன்று வேடங்களையும் அரசு ஒருங்கே தாங்குகிறது. புதிய கருவிக்கு என்ன செலவாகும் என்பது முன்கூட்டித் தெரியாத காரணத்தால், ஆன செலவை ஈடுசெய்து அதற்கு மேல் ஆதாயமும் தரும் ஒப்பந்த முறை வழக்கில் இருக்கிறது. அம்முறையில் செலவு கூடினால் விற்பவருக்கு இழப்பு இல்லை, சிக்கனம் காட்டத் தூண்டுதலும் இல்லை. தொழிற்சாலைகளும் துணை ஒப்பந்தக்காரர்களும் பல தொகுதிகளில் பரவியிருப்பதால், ஒரு திட்டத்தை நிறுத்த முனையும் உறுப்பினர் தம் தொகுதியின் வேலைவாய்ப்பை எண்ணித் தயங்குவார். இதில் எந்த ஓர் அடியும் சட்டத்துக்குப் புறம்பானதன்று.

அரசே இந்த முடிச்சை இறுக்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பனிப்போர் முடிந்து படைச்செலவு சரிந்துகொண்டிருந்த 1993இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பெண்டகனில் ஆயுத நிறுவனங்களின் தலைவர்களுக்கு ஓர் இரவு விருந்து அளிக்கப்பட்டது. இத்தனை நிறுவனங்களை வாழவைக்க இனிப் பணம் இராது என்பதை அன்றைய துணைப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி அவர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். விருந்தில் இருந்த மார்ட்டின் மரியெட்டா நிறுவனத் தலைவர் நார்மன் அகஸ்டின் அதற்கு ‘இறுதி இராவுணவு’ என்று பெயரிட்டார். அவருடைய நிறுவனமே 1995இல் லாக்ஹீடுடன் இணைந்தது. 1997இல் மெக்டானல் டக்ளஸ் போயிங்குக்குள் அடங்கியது. 1990களில் 51ஆக இருந்த முதன்மை ஒப்பந்த நிறுவனங்கள் 5ஆகக் குறைந்துவிட்டன என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2022இல் அறிக்கை வெளியிட்டுக் கவலை தெரிவித்தது. ஐந்தில் ஒன்றைக்கூட விழவிட முடியாத நிலையில், விருந்து வைத்தவர் விருந்தினரைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்குத் தமிழில் நான் பரிந்துரைப்பது ‘படை–தொழில் பிணைப்பு’. பிணைத்தல் என்பது கட்டுதலும் ஆகும், முறுக்கிச் சேர்த்தலும் ஆகும். பின்னல் என்னும் வேர்ப்பொருளுக்கு அது நெருங்கி வருகிறது. சூடடிக்கும்போது ஒரே கயிற்றில் பூட்டப்பட்ட மாடுகளுக்குப் ‘பிணையல்’ என்று பெயர். எந்த மாடு எதை இழுக்கிறது என்று சொல்ல முடியாது. ஒன்று நின்றால் மற்றவையும் நிற்கும். ‘படைத்தொழில் பிணைப்பு’ என்று சேர்த்து எழுதலாகாது. படைத்தொழில் என்பது போர்வீரனின் தொழில் ஆகிவிடும். நடுவில் உள்ள சிறுகோடு அதற்காகத்தான். விரித்து எழுத வேண்டுமெனில் ‘படைத்துறை–தொழில்துறைப் பிணைப்பு’ எனலாம். இலக்கணம் பேணுவோர் ‘தொழிற்றுறை’ என்றும் எழுதலாம். இரண்டுக்கும் நடுவே நாளேடுகளில் உலவும் ‘தொழிற்துறை’ எந்தப் புணர்ச்சி விதிக்கும் உட்பட்டதன்று.

‘இராணுவம்’ இருக்கப் ‘படை’ எதற்கு என்று கேட்கலாம். இராணுவம் சேனையை மட்டுமே குறிக்கும். படை என்பதோ சேனையையும் அச்சேனை ஏந்தும் ஆயுதத்தையும் ஒருங்கே குறிக்கும் பழஞ்சொல். நாம் விளக்க வந்த பொருளின் இரு பாதிகளும் அதற்குள் இருக்கின்றன. இன்னொரு பொருளும் உண்டு. புறநானூற்றின் 35ஆம் பாட்டில், நிலத்தின் மீதிருந்த பழைய வரியை நீக்கக் கேட்டு நின்ற வெள்ளைக்குடி நாகனார், சோழன் கிள்ளிவளவனிடம் ‘பொருபடை’ தரும் வெற்றியும் ‘உழுபடை’ ஊன்றிய உழவுச்சாலில் விளைந்ததன் பயனே என்கிறார். பொருபடை போரிடும் படை, உழுபடை கலப்பை. கொழுவையும் வாளையும் அருகருகே வைத்துத்தான் ஐசனாவரும் பேசினார். தமிழில் அவை இரண்டுக்கும் பெயரே ஒன்று.

பயன்படுத்துமிடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆயுதம் செய்யும் நிறுவனங்களின் தொகுதியை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பாதுகாப்புத் தொழில்துறை’ அல்லது ‘போர்த்தளவாடத் தொழில்’ போதும். உற்பத்தி உயர்ந்தது, ஏற்றுமதி குறைந்தது என்னும் செய்திகளுக்குப் பிணைப்பு என்ற சொல் வேண்டியதில்லை; ஒதுக்கீடு, ஒப்பந்தம், ஓய்வுபெற்ற தளபதி நிறுவன இயக்குநராக அமர்வது ஆகியவை பேசப்படும் இடமே அதற்குரியது. உருசியச் செய்திகளில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இதே தொடரின் உருசிய வடிவம் ‘வயென்னோ-பிரமிஷ்லென்னி கோம்ப்ளெக்ஸ்’. அது அந்நாட்டில் குறைகூறும் சொல்லன்று, அரசு தன் ஆயுதத் தொழிலுக்கு வழங்கும் பெயர். அமைச்சர் தம் நாட்டின் அந்தக் ‘கோம்ப்ளெக்ஸ்’ சிறப்பாக வளர்வதாகப் பெருமைப்படும் அறிக்கையைத் தமிழாக்குபவர், ‘பாதுகாப்புத் தொழில்துறை வளர்கிறது’ என்று எழுத வேண்டும். ‘பிணைப்பு வளர்கிறது’ என்று எழுதினால், அமைச்சர் சொல்லாத ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் வாயில் திணித்ததாகும்.